கொடுத்தவர் போன பின்னர்



நான் தலைமையாசிரியனாயிருந்த கிராமப் பள்ளியில், தரும நிறுவனம் ஒன்று கைகழுவும் தொட்டி கட்டித் தந்தது. இரண்டாண்டுக் காலம் சோப்பும் அதுவே வழங்கிற்று. அதன் ஊழியர் வாரந்தோறும் வந்து மேற்பார்த்தார். தவணை முடிந்ததும் அவர் விடைபெற்றார். மூன்றாம் மாதம் சோப்பு தீர்ந்தது; ஆறாம் மாதம் குழாய் பழுதுபட்டது. புதிய குழாயின் விலை சொற்பமே. எனினும், 'அது அவர்கள் வைத்த குழாய்' என்று நானும் வாளாவிருந்தேன். ஒருநாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "ஐயா, நம்ம குழாயில் எப்போ தண்ணி வரும்?" என்று கேட்டாள். 'நம்ம' என்ற அச்சொல் என்னைத் தலைகுனியச் செய்தது.

இஃது எங்கள் ஊர்க் கதை மட்டுமன்று. ராக்பெல்லர் பத்து இலட்சம் டாலர் வழங்க, 1909-இல் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கிற்று. பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து மருந்தளித்தனர். 1914-இல் அக்குழுவின் பணி முடிவுற்றது. மருந்து குடலிலுள்ள புழுவை நீக்கும், மண்ணிலுள்ளதை நீக்காது. ஆகவே, கழிப்பறை அமையாத இடங்களில் வெறுங்காலுடன் நடந்தோரைப் புழு மீண்டும் பற்றிற்று. நம் நாட்டில் 2015 முதல், தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் வழங்கப்படும் மாத்திரைக்கும் இந்நியதியே பொருந்தும்.

ஆயின், நம் மதிய உணவுத் திட்டம் நிலைத்தது எங்ஙனம்? 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவுற்றது. இடையில் கேர் நிறுவனத்தின் உதவிப் பொருள்களும் வந்தன. அவை நின்ற பின்னும் அடுப்பு அணையவில்லை. அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குப் பணம் இருந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனப் பொறுப்புக்கு ஆள்கள் இருந்தனர்.

பணமும் ஆளும் வேண்டுமென்ற இப்பாடத்தையே நாங்களும் கைக்கொண்டோம். பெற்றோர் ஆசிரியர் கழகம் சோப்புக்கு மாதத் தொகை ஒதுக்கிற்று. வாரம் ஒரு வகுப்பு தொட்டியைக் காத்தது. பொறுப்பாசிரியர் பெயர் பதிவேட்டில் ஏறிற்று. நான் ஓய்வு பெற்ற பின் வந்தவரும் அப்பதிவேட்டைக் கொண்டே பணியைத் தொடர்ந்தார்.

மாணவர்களே, நாளை உங்கள் பள்ளிக்கும் ஒரு நல்ல திட்டம் வரலாம். கைதட்டி வரவேற்புங்கள், உடனே, 'கொடுத்தவர் போன பின் காசு எங்கிருந்து வரும்? கவனிப்பவர் யார்?' என்றும் கேளுங்கள். அது நன்றி மறத்தலாகாது. பெற்ற உதவியைக் காக்கும் வழி அதுவே.