ஜெனீவாவில் விழுந்த 29 வாக்குகள்



அமரரான ஓர் ஆசிரியரின் நினைவாக இணுவிலில் நடக்கும் பொழிவு இது. ஆகவே அரசியலைப் பேசினாலும் படிப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உலகத் தலைவர்களையும் அவர்களுடைய நாடுகளையும் பற்றி நம் அரசியல்வாதிகள் எவ்வளவு படித்திருக்கிறார்கள்?

ஒரு காலத்தில் யாழ்ப்பாணம் நிறையவே படித்தது. 1924இல் தொடங்கி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற மாணவர் காங்கிரஸ், 1927 நவம்பரில் காந்தியை இங்கு அழைத்து வந்தது. 1931இல் நேரு வந்தார். அந்த இயக்கத்தின் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகம் பிற்காலத்தில் நம் அயலிலுள்ள கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். முழுமையான சுயராச்சியம் தராத டொனமூர் அரசியலமைப்பை மறுத்து அவர்கள் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனு கொடுக்கவில்லை. ஆனால் தெற்கு அவர்களுடன் சேராமல் தேர்தலுக்குப் போய்விட்டது. 1934 வரை அந்த நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. இந்தியாவை அறிந்த அளவுக்குக் கொழும்பை அவர்கள் அறியவில்லை என்பது என் கணிப்பு. ஆனாலும் அவர்களிடம் வாசிப்பு இருந்தது. பின்வந்தவர்களிடம் அதுவும் அருகிவிட்டது.

அதன் விலையை 2009 மே 27 அன்று கண்டோம். போர் முடிந்து பத்து நாளும் ஆகவில்லை. ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் இலங்கை தானே தனக்குச் சார்பாக முன்வைத்த பிரேரணைக்கு ஆதரவாக 29 வாக்குகள், எதிராக 12, நடுநிலை 6. ஆதரித்த நாடுகளுள் இந்தியாவும் கியூபாவும் தென்னாபிரிக்காவும் இருந்தன. காஸ்ட்ரோவையும் மண்டேலாவையும் மேடைதோறும் புகழ்ந்தவர்கள் நாம். ஒரு நாட்டை மட்டும் குறிவைக்கும் பிரேரணை எதுவானாலும் நாளை தன்மீதும் திரும்பும் என்று கியூபா அஞ்சுவதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அன்று ஜெனீவாவில் இலங்கையின் பிரதிநிதியாக இருந்த தயான் ஜயதிலக அறிந்திருந்தார். காஸ்ட்ரோவின் அரசியல் சிந்தனையைப் பற்றி ஒரு நூலே எழுதியவர் அவர். அவருடைய நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை. அவருடைய படிப்பை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் கொழும்புடன் நின்றது. 2012இல் இலங்கை தொடர்பாக அமெரிக்கா கொண்டுவந்த பிரேரணையை ஆதரித்தது; அப்போது டில்லிக் கூட்டணி அரசுக்குள் தமிழ்நாட்டுக் கட்சியொன்றின் அழுத்தம் இருந்தது. 2021இல் வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஒரே நாடு, மூன்று நிலைகள். தூதுவரைச் சந்தித்துப் படமெடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பதால் இந்த மாற்றங்களின் காரணம் விளங்காது. அந்தந்த நாட்டின் வர்த்தகம், கடன், அயலவர், உள்நாட்டுத் தேர்தல் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர வேண்டும். அதற்கென ஓர் ஆய்வுக்குழுவைத் தமிழ்க் கட்சிகள் இன்றே அமைக்கலாம். பல்கலைக்கழகம் திருநெல்வேலியில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரை உங்கள் வாசிகசாலைக்கு அழையுங்கள். ஜெனீவாவில் எந்த நாடு எப்படி வாக்களித்தது, ஏன் வாக்களித்தது என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகவிடாதீர்கள்.