உறுதிமொழிக்குப் பெற்றோரும் சாட்சி

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற பாராட்டுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



நம் மஹல்லாவின் பிள்ளை ஒருவர் காவல்துறை உதவி ஆய்வாளராகப் பயிற்சியை நிறைவு செய்து வந்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்! அவருடைய குடும்பத்தாருடன் ஒரகடத்திலிருந்து படப்பை வழியாக, வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகத்திற்கு அடியேனும் சென்றிருந்தேன். அணிவகுப்பு முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே குரலில் உறுதிமொழி ஏற்றார்கள். அரசியலமைப்புச் சட்டத்திற்கு விசுவாசமாக இருப்போம், விருப்பு வெறுப்பின்றிக் கடமையாற்றுவோம் என்பது அதன் சாரம். தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநரான அவருடைய தந்தை, பந்தலில் கைகட்டி நின்றுகொண்டே இருந்தார். அமரச் சொல்லியும் அமரவில்லை. தாயாரோ அழுது கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்தது. உறுதிமொழியை ஓர் அலுவலக அறையில், மேலதிகாரி முன்னிலையில் ஏற்றால் போதாதா? பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் ஏன் அழைக்கிறார்கள்? மகிழ்ச்சியில் பங்கு கொள்ளத்தான் என்பீர்கள். உண்மையே. எனினும் எனக்கு வேறொன்றும் தோன்றியது. அந்த உறுதிமொழியை முறிக்கச் சொல்லி அவரிடம் முதலில் வந்து நிற்கப் போகிறவர்கள் நாம்தான்.

என்னையே சான்றாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் ஒருவர் ஓட்டுநர் உரிமமின்றி இருசக்கர வாகனம் ஓட்டிப் பிடிபட்டார். அந்த நிலையத்தில் இருந்த காவலர் ஒருவர் சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். தொலைபேசியில் அழைத்தேன். "ஹஜ்ரத், அபராதத்தை வேண்டுமானால் என் கையிலிருந்து கட்டிவிடுகிறேன். வழக்கை மட்டும் நீக்கச் சொல்லாதீர்கள்" என்றார். வெட்கிப் போனேன். அன்றிரவு இஷாத் தொழுகையில் எந்த சூராவை ஓதினேன் என்பதுகூட நினைவில்லை.

பெற்றோருக்கும் உறவினருக்கும், ஏன், தமக்கே பாதகமாயினும் நீதியில் நிலைத்து நின்று சாட்சி சொல்லுமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. சிறுவயதில் மனனம் செய்த வசனம். அதற்கு விளக்கவுரை எழுதியவர் அந்தக் காவலர். மக்ஸூம் கோத்திரத்துப் பெண் திருட்டுக் குற்றத்தில் அகப்பட்டபோது உஸாமா (ரலி) அவர்கள் பரிந்துரைக்க வந்ததும், நபி (ஸல்) அவர்கள் தம் மகளாயினும் தண்டனை அதுவே என்று கண்டித்ததும் நீங்கள் பலமுறை கேட்டவையே. நாம் கேட்கிறோம், பிறகு காவல் நிலையத்திற்குத் தொலைபேசி செய்கிறோம்.

காக்கி உடுப்பு நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. 1991 மே 21 இரவு இதே ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியுடன் உயிர் நீத்தவர்களில் காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பால் ஒருவர். ஆய்வாளர்கள் ராஜகுரு, எட்வர்ட் ஜோசப், உதவி ஆய்வாளர் எத்திராஜ், பெண் காவலர் சந்திரா எனப் பலர் அவ்விடத்திலேயே கடமையில் மாண்டனர். உதவி ஆய்வாளர் அனுசுயா படுகாயத்துடன் பிழைத்தார். அந்த நினைவிடத்தைக் கடந்துதான் நம்மில் பலர் ஷிப்ட் வேலைக்குச் செல்கிறோம். பெயர்களைப் படித்தவர் எத்தனை பேர்?

இன்னொரு சோதனையும் உண்டு. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நீடித்தது. போராட்டத்தில் அமர்ந்தவர்களும் பிள்ளைகள், கைது செய்ய வந்தவர்களும் பிள்ளைகள். நாளை நம் உதவி ஆய்வாளரும் அப்படியொரு பந்தலின் முன் நிற்க நேரலாம். உத்தரவை அவர் நிறைவேற்றியாக வேண்டும். ஆயினும் இரவு ஷிப்ட் முடிந்து இறங்குபவனின் முகம் எப்படியிருக்கும் என்பதைத் தம் தந்தையின் பேருந்தில் கண்டவர் அவர். அது அவருடைய கையையும் நாவையும் தடுக்கும் என நம்புகிறேன்.

பெற்றோர் சிலர் தாடியைப் பற்றிக் கேட்கிறார்கள். முஸ்லிம் காவலர் தாடி வைக்க அனுமதியுண்டு என, 1957ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஜட்டைச் சுட்டிக்காட்டி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் இருக்கிறது. படித்த பிள்ளைகளைத் தேர்வு எழுத அனுப்புங்கள், பெண்மக்களையும் அனுப்புங்கள்.

இன்று அஸருக்குப் பிறகு மூவர் என்னை அணுகி நம் உதவி ஆய்வாளரின் கைப்பேசி எண்ணைக் கேட்டனர். அவருக்கு இன்னும் நிலையமே ஒதுக்கப்படவில்லை. நான் எண்ணைத் தரவில்லை. வஸ்ஸலாம்.