நாட்கூலியா, நிலைப்பணியா?



போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலக்காய் எடுப்புக் காலத்தில், பொழுது நன்கு புலருமுன்னரே, ஆண்களையும் பெண்களையும் நெருக்கி ஏற்றிய ஜீப்புகள் இவ்வளைவுகளில் ஏறக் காணலாம். எல்லையைக் கடந்ததும் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை எனப் பிரிந்து சென்று, மாலையில் மீண்டும் இறங்கிவிடும். வெளிமாநிலத்தில் பிழைக்கும் தமிழர் என்றதும் மும்பையையும் தில்லியையுமே நாம் நினைக்கிறோம். காலையில் மாநிலம் கடந்து இரவில் வீடு திரும்பும் இவர்களும் அவ்வினத்தவரே அல்லரோ?

இவர்களுள் ஓர் இளைஞர் போடிமெட்டுத் தேநீர்க் கடையில் என்னிடம் தம் குழப்பத்தைச் சொன்னார். சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவருடைய தாயார் நிலையான தொழிலாளி. ஓய்வு பெறும் காலம் நெருங்கிவிட்டது. அவ்விடத்தில் வீட்டார் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளத் தோட்டத்தார் இசைந்துள்ளனர். இவரோ ஆள் அனுப்பும் ஏஜெண்டு மூலம் ஏலத்தோட்டத்தில் நாட்கூலி செய்கிறார். அதில் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல். "நூறு ரூபாயை விட்டுவிட்டு லயத்துக்குள் போய் அடைவதா, ஐயா?" என்றார்.

கடைக்காரரிடம் ஒரு துண்டுத்தாள் வாங்கிக் கணக்கிட்டோம். கணக்கின் எளிமைக்காக நிலைப்பணியாளர் கூலி 500 ரூபாய், ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று கொண்டோம். வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி தம் பங்காக 12 விழுக்காடு, அதாவது 60 ரூபாய், செலுத்தவேண்டும். பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாட்கூலி. அது நாளொன்றுக்கு 25 ரூபாய் ஆகிறது. குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காடு, ஏறத்தாழ 42 ரூபாய். இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் கூலியுடன் விடுப்பு. அது இன்னொரு 25 ரூபாய். கூட்டினால் 152 ரூபாய். வீடும் மருத்துவமும் இதில் சேரா. இளைஞர் தாளை இரண்டு முறை பார்த்தார். மழை மிகுந்து ஜீப் ஏறாத நாளில் தமக்குக் கூலியே இல்லை என்பதை அவரே சேர்த்துக்கொண்டார்.

ஆயினும் நிலைப்பணியை நான் வானளாவப் புகழ மாட்டேன். லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. ஓய்வு பெற்றால் வெளியேறவேண்டும். நாற்பதாண்டு கொழுந்து பறித்தும் சொந்தக் கூரையில்லாதவர் பலர். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் மாண்டன. வீடு தருவது வேறு, நல்ல இடத்தில் வீடு தருவது வேறு.

மறுபுறம், 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் 'பொம்பிளை ஒருமை' என்று திரண்டு 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனரே, அது எவ்வாறு இயன்றது? எல்லாரும் ஒரே பதிவேட்டில் இருந்தனர். கேட்பதற்கு எதிரே ஒரு முதலாளி இருந்தார். இன்று ஒரு தோட்டம், நாளை வேறு தோட்டம் என்று செல்பவர் யாரிடம் கேட்பது? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைக் கடமையாக்கியது. 1981 திருத்தத்திற்குப் பின் அதன் எல்லை 5 ஹெக்டேர் நிலமும் 15 ஆட்களும். ஏலத்தோட்டங்களுட் பல அவ்வெல்லைக்குள் வாரா. அச்சட்டம் இப்போது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டங்களுள் அடங்கிவிட்டது. எந்தச் சட்டமாயினும், பதிவேட்டில் பெயரில்லாதவர் தம் உழைப்பை மெய்ப்பிப்பது அரிது. பேறுகால உதவிக்கு, முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்ததைக் காட்டவேண்டும். ஜீப்பில் ஏறியதற்குச் சாட்சி யார்?

இவ்விடத்தில்தான் இளைஞர் நிமிர்ந்தார். அவர் மனைவி ஐந்து மாதக் கருவுற்றிருந்தார். அவரும் அதே ஜீப்பில் வந்தவர்தாம்.

சில வாரங்களுக்குப் பின் அதே கடையில் செய்தி கிடைத்தது. குழந்தை பிறந்து உடல் தேறியதும் தாயார் இடத்தில் மருமகளைச் சேர்க்க மேலாளர் ஒப்பியிருக்கிறார். இளைஞர் காய் எடுக்கத்தான் போகிறார். லயத்திலிருந்து பூப்பாறைக்கு நடந்தும் பேருந்திலுமாகச் சென்றுவிடுகிறாராம்; கூடுதல் நூறு ரூபாயில் பாதி, போடியில் ஒரு சிறு மனைக்கென்று அஞ்சலகத்தில் சேர்கிறது.