தோலுக்கு வண்டி வந்தது, தொழிலாளிக்கு?



1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் தென்னாட்டின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டதே, அது எங்கே வந்து நின்றது? மதுரைக்குப் போயிற்றா? தஞ்சைக்குப் போயிற்றா? இல்லை! நம் வாலாஜாவுக்கு வந்தது. அந்த இருப்புப்பாதைதான் பின்னர் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, சோலார்பேட்டை என்று மேற்கே நீண்டது. வெள்ளைக்காரன் நம்மீது கொண்ட பாசத்தாலா பாதை போட்டான்? படை போகப் போட்டான். பண்டம் போகப் போட்டான். பாலாற்றங்கரையிலே பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் சென்றது, கப்பலேறிற்று, இலண்டன் சந்தையிலே விலைபோயிற்று. தோலுக்கு வண்டி வந்தது. சுண்ணாம்புத் தொட்டியிலே இறங்கி அந்தத் தோலை மிதித்தானே, அவனுக்கு என்ன வந்தது? அவன் நடந்தான்!

பேருந்து வந்த பிறகேனும் நடை நின்றதா? இராமநாதபுரம் மாவட்டத்திலே தனியார் பஸ் முதலாளிகள் ஆதித்திராவிடரை ஏற்ற மறுத்தார்கள்.

“காசு இருக்கிறது, ஐயா.”

“காசு இருக்கலாம். சாதி?”

நான் நாடகக்காரன், எனினும் இந்த இரண்டு வரிகளை எழுத எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை. ஜில்லா போர்டுத் தலைவராக வீற்றிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ‘ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு உரிமம் இல்லை’ என்று அறிவித்தார். கெஞ்சவில்லை, உபதேசம் செய்யவில்லை. முதலாளியின் உரிமத்திலே கை வைத்தார். கதவு திறந்தது.

1972-இல் பல்லவன் முதலிய அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. பின்னர் நம் வேலூர்க் கழகம் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர் தாங்கி ஓடிற்று. 1997-இல் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரிட்ட பேருந்தில் ஏறமாட்டோம் என்று சாதி வெறியர் கூச்சலிட, கலகம் மூள, எல்லாத் தலைவர்களின் பெயர்களும் பேருந்துகளினின்று நீங்கின. சாதி இருக்கிறதே, அது பயணச் சீட்டே வாங்காமல் எல்லாப் பேருந்திலும் ஏறிக்கொள்ளும்!

இனி 2021-க்கு வருவோம். அவ்வாண்டு மே 7-ஆம் நாள் முதலமைச்சராய்ப் பொறுப்பேற்ற அன்றே மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்ட ஆணைகளுள் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. உடனே கிளம்பிற்றே ஒரு சொல்: ‘ஓசி!’ மேட்டுக்குடியார் சொன்னார்கள், வியப்பில்லை. 2022-இல் அமைச்சர் ஒருவரே மேடையில் அச்சொல்லை உதிர்த்து, பிறகு வருத்தம் தெரிவிக்க நேர்ந்ததே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

ஓசியா? எது ஓசி? குளிக்கும் சோப்புக்கு வரி கட்டுகிறாள். காலுக்குச் செருப்பு வாங்கினால், தன் போன்றவள் தைத்த செருப்புக்கே வரி கட்டுகிறாள். மாநிலத் திட்டக்குழு ஆய்ந்து பார்த்து, இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்குத் திங்களுக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று கண்டது. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். என்றாலும் பெருக்கல் தெரியும். ஆண்டுக்கு 10,656 ரூபாய்! அது கணவன் கொடுத்ததன்று, கடன்காரன் கொடுத்ததன்று. அவள் கையிலே நின்ற அவள் கூலி.

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளிலே தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரிலே பெரும்பாலோர் பெண்கள். “அவர்களுக்குத்தான் கம்பெனி பஸ் இருக்கிறதே!” என்பார் சிலர். இருக்கிறது, மறுக்கவில்லை. கருக்கலிலே கிராமத்து முனையில் வந்து நிற்கிறது, ஏற்றிக்கொள்கிறது. ஆனால் அந்தப் பஸ் எங்கே போகும்? கம்பெனி வாசலுக்குப் போகும், வேறெங்கும் போகாது. அடுத்த கம்பெனியிலே கூலி அதிகம் என்று கேள்விப்பட்டாள். போக வேண்டுமானால் முதலில் வழி வேண்டுமே! இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று மேஸ்திரி சொன்னால், பஸ் புறப்படும் மட்டும் இருந்தே ஆகவேண்டும். வாசலுக்கு உள்ளேயே ஏறி, வீட்டருகே இறங்குகிறவளிடம் சங்கத்துத் துண்டறிக்கையை நீட்ட நமக்கு இடமேது? பொதுப் பேருந்தோ, அவளைச் சந்தைக்கும் கொண்டுசெல்லும், மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லும், வேறு வேலைக்கும் கொண்டுசெல்லும். ஏன் போகிறாய் என்று கேளாது.

ஆகவேதான் அந்த ஆணையின் எல்லையைப் பற்றிப் பேசுகிறேன். 2021-இல் வகுத்த எல்லை நகரப் பேருந்தோடு நின்றது. வேலூரிலிருந்து ஆம்பூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்கே ஓடுவது புறநகர்ப் பேருந்து, அதிலே சீட்டு வாங்க வேண்டும். தனியார் பஸ்ஸிலும் வாங்க வேண்டும். 2019-இல் நம் மாவட்டம் மூன்றாயிற்று. வேலை தேடிப் போகும் பாதையோ பழைய ஒன்றேதான்!

அண்டை வீட்டைப் பாருங்கள். தில்லி 2019 அக்டோபரிலேயே, நமக்கும் முன்பே, இதைத் தொடங்கிற்று. கர்நாடகம் 2023 ஜூன் 11-இல் தொடங்கியபோது, மாநில எல்லைக்குள் ஓடும் சாதாரண விரைவுப் பேருந்தையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரம் 2025 ஆகஸ்டு 15-இல் தொடங்கிற்று. அங்கும் எக்ஸ்பிரஸ் பேருந்து உண்டு. பேரணாம்பட்டு மலைப்பாதையேறினால் ஆந்திர எல்லை. அந்தப் பக்கத்துப் பெண்ணுக்குக் கிடைத்தது இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு ஏன் அன்றே கிடைக்கவில்லை? லக்சம்பர்க் என்ற சின்னஞ்சிறு நாடு 2020-இல் ஆண், பெண் அனைவருக்கும் புகைவண்டியையே இலவசமாக்கிற்று. அது செல்வச் சீமான் நாடு, அதை விடுங்கள். கர்நாடகம் நம்மைவிட எத்தனை மடங்கு சீமான்?

பணம் எங்கே என்பார்கள். நியாயமான கேள்வி. கழகங்கள் நட்டத்திலே ஓடியவை, ஓய்வுபெற்ற ஓட்டுநர் தம் நிலுவைக்காகத் தெருவில் நின்றதுண்டு. அவர்கள் வயிற்றிலடித்து நம் பெண்களுக்குச் சலுகை கேட்கவில்லை. அரசு ஈடு செய்யும் தொகையைக் கழகத்துக்குக் காலத்தே கொடுக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். பேருந்தே வராத ஊரில் இலவசச் சீட்டால் என்ன பயன்?

வேலூரிலே 2022-இல் புதிய பேருந்து நிலையம் திறந்தார்கள். பெரிது, அழகிது. அதைக் கண்டு மகிழ்வதோடு நம் வேலை முடியவில்லை. கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஷூ கம்பெனிக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில், மாலை 5 மணி முதல் 8 மணி வரை இருவர் இருவராய் நில்லுங்கள். எத்தனை நகரப் பேருந்து வந்தது, எத்தனை நின்றது, எத்தனை நிற்காமல் பறந்தது, எத்தனை பெண்கள் காத்திருந்து சலித்து ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோட்டிலே குறியுங்கள். நாளும் நேரமும் தவறாமல் எழுதுங்கள். அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு பணிமனைக் கிளை மேலாளரிடம் போவோம். நானும் வருகிறேன், நகரப் பேருந்திலேயே!