பகடை உருள்வதற்கு முன்

(கணித ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பணிமனை ஒன்றில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிதப் பணிமனையில் ராட்சத ரோபோக்கள் மோதும் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நம் மாணவர்கள் கைப்பேசியில் இதைப் போன்ற பல விளையாட்டுகளை ஆடுகிறார்கள். நான் பேசப் போவது அவற்றுக்கெல்லாம் மூத்த ஒன்றைப் பற்றி. அதற்குத் திரை வேண்டாம். அறுகோணக் கட்டங்கள் வரைந்த ஒரு தாள், இரண்டு பகடைகள், ஒரு பென்சில் போதும். அதன் பெயர் பேட்டில்டெக்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜோர்டான் வைஸ்மன், ராஸ் பாப்காக் என்ற இருவர் தொடங்கிய ஃபாசா நிறுவனம் 1984-இல் இதை வெளியிட்டது. முதலில் வைத்த பெயர் பேட்டில்டிராய்ட்ஸ். 'டிராய்ட்' என்ற சொல்லுக்கு ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த நிறுவனம் உரிமை கோரியதால் பெயரை மாற்றினார்கள். மனிதர் உள்ளே அமர்ந்து இயக்கும் 20 டன் முதல் 100 டன் வரையிலான இயந்திரங்கள் இதில் மோதுகின்றன.

இந்த விளையாட்டில் திறமையான ஆட்டக்காரர் யார்? கை வேகம் உள்ளவரா? பெரிய இயந்திரம் வைத்திருப்பவரா? எங்கள் பள்ளிக் கணித மன்றத்தில் இதன் விதிகளில் சிலவற்றை மட்டும் எடுத்து, சார்ட் தாளில் கட்டம் வரைந்து ஆடிப் பார்த்தோம். அப்போது கிடைத்த விடை, மாணவர்களைவிட எனக்குத்தான் அதிகம் கற்றுக் கொடுத்தது.

முதலில் வெப்பம். இந்த விளையாட்டின் உயிரே அதுதான். ஆயுதத்தைச் சுட்டால் இயந்திரம் சூடாகும். நடந்தால் 1 அலகு, ஓடினால் 2 அலகு கூடும். வெப்பத்தை வெளியேற்றும் கருவி ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்கு 1 அலகைக் குறைக்கும். மிச்சம் அடுத்த சுற்றுக்கு வந்து சேரும். 5 அலகு மிஞ்சினால் நடை தளரும். 8 ஆனால் குறியும் தவறத் தொடங்கும். 14 ஆனால் இயந்திரம் அணைந்துவிடாமல் இருக்கப் பகடை உருட்ட வேண்டும். 30 ஆனால் கட்டாயம் அணைந்துவிடும்.

வார்ஹாமர் என்ற 70 டன் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். எல்லா ஆயுதங்களையும் ஒரே சுற்றில் சுட்டால் 32 அலகு, நடந்தால் 1, ஆக 33. அது வெளியேற்றுவது 18. மிச்சம் 15. அடுத்த சுற்றிலும் அப்படியே சுட்டால் 15-உம் 33-உம் 48. அதில் 18 போக 30. இரண்டே சுற்றில் இயந்திரம் எதிரியின் முன்னால் அணைந்து நிற்கும்.

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்கும் மாணவி ஒருத்தி முதல் ஆட்டத்தில் இதைத்தான் செய்தாள். "எல்லாத்தையும் சுட்டா சீக்கிரம் ஜெயிச்சிடலாம்னு நினைச்சேன் சார்" என்றாள்.

எதற்கும் நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரு மாணவன் ஆசம் என்ற 80 டன் இயந்திரத்தை எடுத்திருந்தான். அதில் மூன்று துகள் பீரங்கிகள்; ஒவ்வொன்றும் 10 அலகு வெப்பம் தரும். வெளியேற்றுவது 28. அவன் நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டான். மூன்றையும் சுட்டு நடந்தால் 31, மிச்சம் 3. அடுத்த சுற்றிலும் அப்படியே செய்தால் மிச்சம் 6. மூன்றாம் சுற்றில் இரண்டை மட்டும் சுட்டால் 6-உம் 21-உம் 27; 28 வெளியேறும் என்பதால் மிச்சம் பூஜ்யம். ஆக மூன்று, மூன்று, இரண்டு என்று சுட்டுக்கொண்டே போகலாம். அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் அந்த இயந்திரத்தை ஆடும் முறையும் இதுவே. யாரும் சொல்லாமல் அவனே கண்டுபிடித்தான். எப்போது சுடாமல் இருக்க வேண்டும் என்று தெரிவதே முதல் திறமை.

இரண்டாவது, நிற்கும் இடம். குறி தப்பாமல் அடிக்க இரு பகடைகளின் கூடுதல் ஓர் இலக்கு எண்ணை எட்ட வேண்டும். சராசரி ஆட்டக்காரருக்கு அடிப்படை எண் 4. ஓடிக்கொண்டே சுட்டால் 2 கூடும். நடுத்தொலைவு என்றால் இன்னும் 2. எதிரி ஐந்தாறு கட்டம் நகர்ந்திருந்தால் மேலும் 2. மொத்தம் 10. இரு பகடைகளின் 36 விளைவுகளில் 10 அல்லது அதற்கு மேல் வருபவை 6 மட்டுமே. ஓடாமல் நின்று சுட்டால் இலக்கு 8. சாதகமான விளைவுகள் 15. அப்படியானால் நின்றே சுடலாமே? நின்றால் எதிரிக்கும் நான் எளிய குறி. இந்த இழுபறிதான் ஆட்டம்.

பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் இரு பகடைகளின் கூறுவெளியை எத்தனை ஆண்டுகளாக எழுதிப் போட்டிருக்கிறோம்! அந்த 36 சோடிகளை மாணவர்கள் ஆர்வத்தோடு எண்ணியதை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த மன்ற நேரத்தில்தான்.

நகரும் வரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பகடை உருட்டுவார்கள். தோற்றவர் முதலில் நகர வேண்டும். வென்றவர் அதைப் பார்த்துவிட்டு நகர்வார். அனுபவசாலி அதில் தோற்றாலும் பதறமாட்டார். தன் அணியில் அவ்வளவு முக்கியமில்லாத இயந்திரத்தை முதலில் நகர்த்திவிட்டு, முக்கியமானதைக் கடைசிவரை வைத்திருப்பார்.

மூன்றாவதாக நான் சொல்ல வருவது என் தவறைப் பற்றியது.

அதே மாணவன் இன்னொரு நாள் வேறொருவனோடு ஆடினான். அடர்ந்த மரங்கள் உள்ள கட்டத்துக்குள் நடந்து போய் நின்றான். மரங்களில் நிற்பவரை அடிக்க எதிரிக்கு 2 கூடும். எதிரியின் ஆயுதங்களுக்கு அது நடுத்தொலைவு. இவனுடைய பீரங்கிகளுக்குக் குறுந்தொலைவு. எதிரியின் இயந்திரம் ஏற்கெனவே சூடாகியிருந்ததால் அதற்கு இன்னொரு 1. ஆக எதிரிக்கு இலக்கு 9. 36-இல் 10 வாய்ப்பு. இவனுக்கு இலக்கு 5. 36-இல் 30 வாய்ப்பு. அந்தச் சுற்றில் அதைவிட நல்ல இடம் தாளிலேயே இல்லை.

மூன்று பீரங்கிகளையும் சுட்டான். மூன்றும் தவறின. ஒவ்வொன்றும் தவற ஆறில் ஒரு வாய்ப்பு. மூன்றும் தவற 216-இல் ஒன்று. எதிரியின் அடி விழுந்தது. ஏற்கெனவே அடிபட்டிருந்த இவன் இயந்திரம் சாய்ந்தது.

நான் தோளைத் தட்டி, "பரவாயில்லப்பா, அடுத்த தடவை கவனமா ஆடு" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கவனமாத்தான் சார் ஆடினேன். பகடைதான் விழல" என்றான்.

அன்று இரவு அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அவன் சொன்னது முழு உண்மை. நான் பார்த்தது முடிவை மட்டும். அவன் எடுத்த தீர்மானத்தைப் பார்க்கவில்லை. நல்ல ஆட்டக்காரர் தோற்ற பிறகு "நான் எடுத்த முடிவு சரியா?" என்று தனியாகக் கேட்பார், "பகடை எப்படி விழுந்தது?" என்று தனியாகக் கேட்பார். வென்ற பிறகும் அப்படியே கேட்பார். மோசமாக ஆடிவிட்டுப் பகடையின் தயவால் வென்றவர் அதையே திறமை என்று நம்பிவிட்டால் அதன்பின் வளரவே மாட்டார். ஒரு பத்து வயதுக் குழந்தைக்கும் இது பொருந்தும்.

மறுநாள் அவனுடைய வகுப்புத் தேர்வுத் தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று. நான்கு படிகள் சரி. கடைசி வரியில் கழித்தலில் ஒரு பிழை. நான் போட்டிருந்தது பூஜ்யம். பொதுத்தேர்வுத் தாள் என்றால் படிநிலை மதிப்பெண்ணைத் தேடித்தேடிப் போடுவோம். வகுப்புத் தேர்வில் நேரமில்லை என்று விடையை மட்டும் பார்த்துக் கோடிழுத்திருந்தேன். அப்படி எத்தனை தாள்கள்! 'மெதுவாகப் படிப்பவன்' என்று நான் அவனுக்கு வைத்திருந்த பெயரில் என் சிவப்பு மைக்கும் பங்கு இருந்தது. அந்தப் பருவத்தின் தாள்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி மறுபடி திருத்தினேன்.

போர் விளையாட்டைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று ஓர் ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. சதுரங்கமும் நான்கு வகைப் படைகளின் பெயரால் வந்ததுதான். எங்கள் மன்றத்தில் இயந்திரத்துக்குள் ஆள் இல்லை என்று வைத்துக்கொண்டோம். விரும்பினால் அதைச் செவ்வாயில் பாறை உடைக்கும் இயந்திரமாகவும் மாற்றலாம்; வெப்பக் கணக்கு மாறாது.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இலக்கு எண் பக்கமே போக வேண்டாம். வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அலகுக்கு ஒரு புளியங்கொட்டை. சுட்டால் கிண்ணத்தில் போடட்டும், சுற்று முடிந்ததும் குறிப்பிட்ட எண்ணிக்கையை எடுக்கட்டும். கூட்டலும் கழித்தலும் அதில் இருக்கின்றன. அடுத்த சுற்றுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டியே யோசிக்கும் பழக்கமும் வந்துவிடும்.

உயர்வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் நோட்டில் மூன்று பத்திகள் வரையச் சொல்லுங்கள்: என்ன முடிவு எடுத்தேன், ஏன் எடுத்தேன், என்ன நடந்தது. முதல் இரண்டையும் பகடை உருட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் யார் வென்றார் என்று கேட்கும் முன் அந்த இரண்டு பத்திகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள்.

அந்த மாணவன் அடுத்த ஆட்டத்திலும் தோற்றான். இந்த முறை அவனே வந்து, "சார், இன்னைக்குப் பகடை மேல தப்பில்ல. நான்தான் மரத்தை விட்டு ஒரு சுற்று முன்னாடியே வெளிய வந்துட்டேன்" என்றான். என் கணக்கில் அன்று அவனுக்கு முழு மதிப்பெண்.