கழுத்துச் சுரப்பியும் பித்தப்பையும்

கல்முனைக் கரையோரத்து ஊரொன்றில், பெருநாள் விருந்து முடிந்த இரவிலே, வலது விலாவின் கீழ் வேதனை கொண்டு துடிக்கும் ஓர் உம்மாவை நேயர்கள் மனக்கண்ணாற் காணலாம். நெய்ச்சோறும் இறைச்சியும் உண்டு சிறிது நேரம் கழிந்தபின் எழுந்த வலி, வலத் தோள்வரை பரவுகிறது, வாந்தியும் வருகிறது. "வாய்வுதான் உம்மா, இஞ்சி அவித்துத் தருகிறேன்" என்கிறாள் மகள். மறுநாள் வைத்தியசாலையில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, பித்தப்பையிற் கற்கள் இருப்பது தெரிகிறது.

ஆயின், அந்த உம்மா வைத்தியரிடம் கூறாத செய்தி ஒன்று உண்டு. ஓராண்டாகவே அவருக்கு ஓயாத களைப்பு. மற்றவர்க்கு இதமாயிருக்கும் மாரிக் காற்று அவருக்கு மட்டும் தாங்கொணாக் குளிர். தோல் உலர்வு, மலச்சிக்கல், சிறுகச் சிறுக ஏறும் உடல் நிறை. இவையெல்லாம் வயதின் கோளாறு என எண்ணி அவர் வாய் திறக்கவில்லை. சொல்லிய வலிக்கும் சொல்லாத களைப்புக்கும் உறவு இருத்தல் கூடுமா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

கழுத்தின் முன்புறத்தே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. அது உணவிலுள்ள அயடீனைக் கொண்டு தைரொட்சின் என்னும் ஓமோனை ஆக்குகிறது. உடலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு விரைவாகத் தொழிற்பட வேண்டும் என்பதை அந்த ஓமோனே பெரிதும் நிர்ணயிக்கிறது. அது குறைந்தால் நாடித் துடிப்பு மெதுவாகும், குடல் சோம்பும், உடற் சூடு தணியும்.

ஈரலின் கீழே தொங்கும் சிறு பை பித்தப்பை. ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, கொழுப்புணவு வரும்போது சுருங்கிக் குடலுக்கு அனுப்புவது அதன் கடமை. பித்தக் குழாய் குடலிற் சேரும் வாயிலில் ஒரு சுருக்குத் தசை காவல் நிற்கிறது. இத்தாலிய மாணவரான ஒட்டி என்பவர் 1887இல் அதனை விவரித்தமையால் இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

இவ்விரண்டு உறுப்புகளும் தொலைவில் இருப்பினும் அவற்றை இணைக்கும் வழிகள் மூன்று. முதலாவது, தைரொட்சின் குறையின் இரத்தத்திற் கொலஸ்திரோல் மிகும். பித்தநீரிலும் அது மிகுந்தால் கரைந்திருக்க இயலாது பளிங்காய்ப் படியும். இரண்டாவது, பித்தநீரின் ஓட்டமும் பையின் சுருக்கமும் மந்தமாகும். தேங்கிய நீரிலே வண்டல் படிவது இயல்பன்றோ? மூன்றாவது, வாயிற்காவல் செய்யும் தசை தளர்வதற்குத் தைரொட்சின் துணை செய்கிறது. அது குறைந்தால் வாயில் எளிதில் திறவாது.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. பின்லாந்தின் தம்பரே நகர ஆய்வாளர், பன்றியின் சுருக்குத் தசை தைரொட்சினால் தளர்வதை 2001இல் காட்டினர். 2007இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பித்தக் குழாயிற் கல் உள்ளவரிடையே, வெளியே தோன்றாத தைரொயிட்டுக் குறைவு மற்றவரிடத்தினும் மிகுதியாகக் காணப்பட்டது. ஜேர்மனியின் பொமரேனியாவிலே 2005இல் வெளிவந்த ஆய்வோ, இத்தொடர்பை ஆண்களிடத்திலேயே தெளிவாகக் கண்டது. ஆகவே, தொடர்பு உண்டு என்பதற்குச் சான்றுகள் உள. பித்தக்கல் யாவும் கழுத்திலிருந்தே வருகின்றன என்று சொல்வதற்கு இல்லை. வயது, உடற்பருமன், மகப்பேறு, பரம்பரை ஆகியனவும் காரணங்களாம்.

"நாளும் கடல்மீன் உண்கிறோம், கழுத்திலும் வீக்கம் இல்லை, நமக்கு ஏது இந்நோய்?" எனச் சிலர் வினவக்கூடும். அயடீன் குறைவால் எழும் கண்டக்கழலை இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலேயே முன்னர் மிகுந்திருந்தது. 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், உடலின் காப்புச் சக்தியே இச்சுரப்பியைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912இல் அதனை விவரித்தார். மீனும் உப்பும் அதனைத் தடுப்பதில்லை. கழுத்து வீங்காமலும் அது வரலாம்.

எனவே, பித்தக்கல் உள்ளவருக்கு நீங்காத களைப்பும் குளிரும் சேர்ந்திருந்தால், அதனையும் வைத்தியரிடம் எடுத்துரைத்தல் வேண்டும். எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றே குறைவைக் காட்டிவிடும். குறைவு உண்டெனில் தைரொட்சின் மாத்திரை உண்டு. அதை வெறும் வயிற்றில் உட்கொள்ளல் வேண்டும். நோன்பு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுதல் தவறு. ஸஹர் உணவுக்கு அரைமணி நேரம் முன்னரோ, இரவுணவு முடிந்து சில மணி நேரம் கழித்து உறங்கப் போகும்போதோ உட்கொள்வது குறித்து வைத்தியரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளலாம்.

முன்பே திரண்ட கல்லை இம்மாத்திரை கரைத்துவிடும் என நம்பிக் காத்திருத்தலும் ஆகாது. வலி தொடர்ந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலையை நாட வேண்டும்.

கல் அகற்றப்பட்டபின் அந்த உம்மாவின் வலி தீரலாம். களைப்பு மட்டும் தீராதிருப்பின், வீட்டார் அதனைச் சோம்பல் என்று ஏசுவர். அவரும் அதனை விதி என்று ஏற்பார். அந்த அநீதி நேராதிருக்க வேண்டுமாயின், "உம்மா, உடம்புக்கு வேறென்ன செய்கிறது?" என்று மகள் ஒருமுறை பரிவோடு கேட்டால் போதும்.