தலைவரும் வலவரும்



நாட்டுத் தலைவர்களை ஏற்றிச் செல்லும் ஆகாயப் படைப் பிரிவுகளின் வரலாறு இன்றைய உரையின் பொருள். மொழிக் கழக மேடையில் இதற்கென்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சொல்லின் வழியாக இப்பொருளுக்குள் நுழைய விரும்புகிறேன். தேரைச் செலுத்துபவனைச் சங்க இலக்கியம் 'பாகன்' என்றும் 'வலவன்' என்றும் அழைக்கிறது. முல்லைத்திணைப் பாடல்களில் வினை முடித்துத் திரும்பும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு வலவனைப் பணிக்கும் காட்சி பலமுறை வருவதை ஆசிரியர்கள் அறிவீர்கள். அங்கே ஆணையிடுபவன் தலைவன், அதன்படி நடப்பவன் வலவன். தேர் வானூர்தியாக மாறிய காலத்தில் இந்த உறவு என்ன ஆயிற்று என்பதே இன்று நாம் ஆராயப்போவது.

இக்கதையைத் தொடங்க நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1956 பிப்ரவரி 8ஆம் நாள் இலண்டனில் சுதந்திர உடன்படிக்கையில் கையொப்பமிட்ட துங்கு அப்துல் ரஹ்மான், பிப்ரவரி 20ஆம் நாள் நமது பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் வந்திறங்கினார். அங்கிருந்து ஊர்வலமாகப் பண்டார் ஹிலிர் திடலுக்கு வந்து, 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெறும் என அறிவித்தார். நாட்டின் எதிர்காலத்தைச் சுமந்து வந்த அந்தத் தலைவரை ஏற்றிவர அன்று நமக்கெனச் சொந்தமாக ஓர் ஆகாயப் படை இருக்கவில்லை.

ஈராண்டுகளில் அந்நிலை மாறியது. 1958 ஏப்ரலில் 'டுவின் பயனியர்' வகையைச் சேர்ந்த நமது முதல் விமானம் வந்து சேர்ந்தது. துங்கு அதற்கு 'லாங் ராஜாவாலி' எனப் பெயர் சூட்டினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆகாயப் படை முறையாகத் தோற்றம் பெற்றது. குறுகிய ஓடுதளத்திலேயே ஏறி இறங்கவல்ல அவ்விமானங்கள், அவசரகாலத்தில் காட்டரண்களுக்குப் பொருள்களையும் ஆட்களையும் கொண்டு சேர்த்தன. பின்னர் தலைவர்களின் பயணம் 2ஆம் எண் படைப்பிரிவின் பொறுப்பாயிற்று. சுபாங்கில் நிலைகொண்ட அப்பிரிவு, ஃபோக்கர் எஃப் 28, ஃபால்கன் 900, குளோபல் எக்ஸ்பிரஸ், போயிங் 737 எனப் பல விமானங்களை இயக்கியிருக்கிறது. மாமன்னரையும் பிரதமரையும் ஏற்றிச் செல்வது இதன் தலையாய பணி.

இத்தகைய பிரிவுகளுள் நீண்ட வரலாறு உடையது இந்தியாவின் விமானப் படைத் தலைமையகத் தொடர்புப் படைப்பிரிவு. இந்தியா விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947 நவம்பர் 1ஆம் நாள், தில்லியை அடுத்த பாலம் விமானத் தளத்தில் அது தொடங்கப்பெற்றது. முதலில் போர்க்காலத்து டக்கோட்டா விமானங்கள் பயன்பட்டன. 1950களில் சோவியத்து நாட்டின் இலியூஷின் 14, பிரிட்டனின் வைக்கவுண்ட் ஆகியவை வந்தன. 1966இல் டுப்போலெவ் 124 தாரை விமானங்களும், 1980களில் போயிங் 737 விமானங்களும் சேர்ந்தன. 2020இல் வந்த இரண்டு போயிங் 777 விமானங்களை விமானப் படை விமானிகளே செலுத்துகின்றனர். சோவியத்து அன்பளிப்பு, பிரிட்டிஷ் விமானம், அமெரிக்க விமானம் என இப்பட்டியலை மட்டும் பார்த்தாலே அந்நாட்டின் வெளியுறவு வரலாற்றின் ஒரு பகுதியை மாணவர்கள் படித்துவிடலாம்.

ஆயினும் இப்பிரிவுகளின் உண்மையான வரலாறு விமானங்களின் பட்டியலில் இல்லை. அது விமானியின் நிலையில் இருக்கிறது.

பொதுமக்கள் பயணம் செய்யும் விமானத்தில் இறுதி முடிவு தலைமை விமானியுடையது. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் வழிவந்த பன்னாட்டு விதிகள் இதைத் தெளிவாக வரையறுத்துள்ளன. ஆனால் அதே உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, படைத்துறை விமானங்கள் அதன் ஆளுகைக்கு உட்பட்டவை அல்ல என்கிறது. இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. படை விமானி ஒரு போர்வீரர். மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிவது அவர் ஏற்ற உறுதிமொழி. அவருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பயணியோ நாட்டின் தலைவர். மலேசியாவில் மாமன்னரும் இந்தியாவில் குடியரசுத் தலைவரும் முப்படைகளின் உச்சத் தளபதிகள். தம் உச்சத் தளபதியிடம், "இன்று இறங்க இயலாது" என்று சொல்லும் துணிவு ஓர் இளம் அதிகாரிக்கு எங்கிருந்து வரும்? அத்துணிவை அந்தப் படைப்பிரிவுதான் தன் பயிற்சியாலும் மரபாலும் ஊட்ட வேண்டும்.

இந்தக் கேள்வியின் கனத்தை உணர்த்தும் நிகழ்ச்சிகள் சிலவற்றைக் காண்போம்.

1977 நவம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தியப் பிரதமர் மொரார்ஜி தேசாயை ஏற்றிச் சென்ற டுப்போலெவ் 124 விமானம், அஸ்ஸாமில் ஜோர்ஹாட் நகருக்கு அருகே வயல்வெளியில் வீழ்ந்தது. விமானத்தின் முன்பகுதி நொறுங்கியது. விங் கமாண்டர் டி'லிமா உள்ளிட்ட விமானிக் குழுவினர் ஐவரும் உயிரிழந்தனர். 81 வயதான பிரதமரும் அவருடன் சென்றவர்களும் உயிர் தப்பினர். அருகிலிருந்த சிற்றூர் மக்கள் இருளில் ஓடிவந்து உதவினர். பிரதமர் பிழைத்தார் என்பதே மறுநாளைய பெருஞ்செய்தி. உயிர்நீத்த ஐவரின் பெயர்களை இன்று நினைவுகூர்வோர் மிகச் சிலரே. தலைவர்களைச் சுமக்கும் பிரிவில் பணியாற்றுவோர் ஏற்கும் பொறுப்பு எத்தகையது என்பதற்கு அந்த ஐவரின் இறப்பே சான்று.

அதற்கு முந்தைய ஆண்டு நம் நாட்டிலும் ஒரு துயரம் நேர்ந்தது. 1976 ஜூன் 6ஆம் நாள் கோத்தா கினபாலு அருகே ஒரு 'நோமேட்' விமானம் வீழ்ந்து, சபா முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் உட்பட 11 பேர் மாண்டனர். அது படை விமானம் அன்று. எனினும் அதன் பாடம் நம் பொருளுக்கு நெருக்கமானது. பல ஆண்டுகள் மறைவாக இருந்து 2023இல் வெளியிடப்பட்ட விசாரணை அறிக்கை, விமானத்தின் பின்பகுதியில் சுமை அளவுமீறி ஏற்றப்பட்டு அதன் சமநிலை பிறழ்ந்திருந்ததைச் சுட்டியது. தராசுக்குப் பதவி தெரியாது. அமைச்சரின் பெட்டியும் தொழிலாளியின் மூட்டையும் அதற்கு ஒன்றே. "இந்தப் பெட்டியை இறக்கி வையுங்கள்" என்று பெரியவர்களிடம் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் சொன்னால் அவர்கள் கேட்கவும் வேண்டும்.

இனி, ஒரு படைப்பிரிவே கலைக்கப்பட்ட வரலாற்றைக் கூறுகிறேன். போலந்து நாட்டுத் தலைவர்களை ஏற்றிச் சென்றது அந்நாட்டின் 36ஆவது சிறப்பு விமானப் படைப்பிரிவு. 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் போர் மூண்டிருந்த வேளையில், போலந்து அதிபர் லேக் கச்சின்ஸ்கி வேறு சில நாட்டுத் தலைவர்களுடன் அங்குச் சென்றார். தலைநகர் திபிலிசியில் நேராக இறங்க வேண்டும் என்பது அதிபரின் விருப்பம். அங்கு இறங்குவது பாதுகாப்பானதன்று எனக் கருதிய தலைமை விமானி மறுத்துவிட்டார். அண்டை நாடான அஜர்பைஜானில் விமானத்தை இறக்கினார். தலைவர்கள் எஞ்சிய வழியைச் சாலையில் கடந்தனர். அரசியல்வாதிகள் சிலர் அவ்விமானியைக் கடுமையாகச் சாடினர். பாதுகாப்பு அமைச்சரோ அவருக்குப் பதக்கம் அளித்தார். ஒரே செயல் ஒரு சாராருக்குக் கீழ்ப்படியாமையாகவும் மறுசாராருக்குக் கடமையாகவும் தோன்றியதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தப் பயணத்தில் துணை விமானியாக இருந்தவர் 2010 ஏப்ரல் 10ஆம் நாள் தலைமை விமானியாக அமர்ந்தார். அன்று அதே அதிபர், காத்தின் படுகொலையின் 70ஆம் ஆண்டு நினைவு நிகழ்ச்சிக்காக ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகருக்குப் புறப்பட்டார். விமானத் தளத்தை அடர்ந்த மூடுபனி சூழ்ந்திருந்தது. இறங்குவதற்குரிய குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே விமானம் தாழ்ந்து, மரங்களில் மோதி வீழ்ந்தது. அதிபர் உட்பட 96 பேரும் மாண்டனர். விமானி அறைக்குள் இருந்த பிற அதிகாரிகளால் விமானிகள் நெருக்கடிக்கு உள்ளாயினரா என்பதில் ரஷ்ய அறிக்கையும் போலந்து அறிக்கையும் வேறுபட்டன. ஆனால் படைப்பிரிவின் பயிற்சியில் பெருங்குறைகள் இருந்தன என்பதைப் போலந்து ஆணையமே 2011இல் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டின் இறுதியில் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது.

ஒரு முறை மறுத்த விமானி இருந்தார் என்பது போதாது என்பதையே இந்த வரலாறு காட்டுகிறது. மறுப்பு ஒருவரின் தனிப்பட்ட வீரமாக நின்றுவிட்டால் அது அவரோடு போய்விடும். அது பிரிவின் விதியாக, பழக்கமாக, அன்றாடப் பயிற்சியாக ஆக வேண்டும். மறுத்தவரைத் தலைவர்கள் கடிந்துகொண்டால், அடுத்து வருபவர் மறுப்பதற்குமுன் இருமுறை எண்ணுவார். அந்தத் தயக்கத்துக்கு மூடுபனியில் நேரம் இல்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று நம் தமிழர் ஒருவரின் வாழ்விலேயே உண்டு. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் இளமையில் விமானப் படை விமானியாக விரும்பினார். டேராடூனில் நடைபெற்ற தேர்வில் கலந்துகொண்ட 25 பேருள் அவர் 9ஆம் இடம் பெற்றார். எடுக்கப்பட்டவர்கள் 8 பேர் மட்டுமே. பின்னாளில் குடியரசுத் தலைவராகி, முப்படைகளின் உச்சத் தளபதியும் ஆனார். 2006 ஜூன் 8ஆம் நாள், தம் 74ஆம் வயதில், புனே விமானத் தளத்திலிருந்து சுகோய் 30 போர் விமானத்தில் பறந்தார். முன்னிருக்கையில் விமானப் படை அதிகாரி ஒருவர் அமர்ந்து விமானத்துக்குத் தலைமை தாங்கினார். பின்னிருக்கையில், அவர் கற்பித்தபடி நடக்கும் மாணவராக உச்சத் தளபதி அமர்ந்தார். தரையில் யார் யாருக்கு வணக்கம் செலுத்தினாலும், வானில் யாருடைய சொல் இறுதியானது என்பதில் அவ்விருவருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது.

அன்பர்களே, இந்தப் பாடம் நம் தோட்டப்புற வாழ்வுக்கும் அயலானதன்று. மெர்லிமாவிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியோர்களைக் கேளுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்ற காலத்தில், துரையின் சொல்லுக்கும் கங்காணியின் சொல்லுக்கும் மறுசொல் கிடையாது. ஆயினும் இரவு மழையில் மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டு வழியே இறங்காமல் பட்டையில் வழிந்து வீணாகும். அங்கே மரத்தைத் தொட்டுப் பார்த்தவரின் சொல்லைத் துரையும் ஏற்றாக வேண்டும். பட்டையின் ஈரம் ஆணைக்குக் கட்டுப்படாது. ஸ்மோலென்ஸ்கின் மூடுபனியும் அப்படித்தான். இயற்கையை நேரில் காண்பவரின் சொல்லுக்கு, ஆணையிடுபவர் இடம் தர வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்கிறீர்கள். பெருமழை பொழிகிறது, நேரம் ஆகிவிட்டது, அங்கே வரவேற்பு காத்திருக்கிறது. பேருந்து ஓட்டுநர், "சற்று நிறுத்திவிட்டுப் போவோம், ஐயா" என்கிறார். அப்போது தரும் மறுமொழியில்தான் நாம் மாணவர்களுக்கு உண்மையான பாடத்தை நடத்துகிறோம். கீழ்ப்படிதலைக் கற்பிக்கிறோம், அது தேவையானது. அதனோடு, காரணம் காட்டிப் பணிவுடன் மறுக்கவும் கற்பிக்க வேண்டும். "வேண்டாம், ஐயா" என்று சொல்லும் மாணவரைத் தண்டிக்காமல், "ஏன்?" என்று கேட்டு அறியும் ஆசிரியரே நாளைய நல்ல விமானியையும் நல்ல தலைவரையும் உருவாக்குகிறார்.

வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் அரசர்க்குச் சொன்னதும் இதுவே. தவறு கண்டபோது கடிந்து சொல்லத் தக்கவரை அருகில் வைத்துக்கொள்ளாத அரசன், கெடுக்கும் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது அவர் கருத்து. வானூர்தியில் அந்தப் பெரியார் சில வேளைகளில் முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு விமானியாக இருக்கலாம்.

சங்க காலத் தலைவன் வலவனிடம் விரைந்து செல்லச் சொன்னான். இக்காலத் தலைவர் செய்யத்தக்கது வேறு. இருக்கையில் அமர்ந்து வாரைப் பூட்டிக்கொண்டு, வலவரின் சொல்லுக்குக் காத்திருப்பதே அது. அடுத்த முறை பத்து பெரெண்டாம் ஓடுதளத்தின் அருகே செல்லும்போது, அங்கு வந்திறங்கிய தலைவரை நினையுங்கள். அவரைப் பத்திரமாக இறக்கிய விமானியையும் சேர்த்து நினையுங்கள்.